தனி ஊராட்சித் தலைவர்: சட்டம் தந்த பதவியும் ஊர் மறுக்கும் அதிகாரமும்

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தேசியக் கொடியை ஏற்ற முடியவில்லை. செய்தி பரவிய பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த புகைப்படம் வெளியானது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

இரு நிகழ்வுகளும் வெளியே தெரிந்ததற்குக் காரணம், அவை கண்ணுக்குத் தெரியும் அவமதிப்புகள் என்பதே. கொடிக்கம்பமும் நாற்காலியும் புகைப்படத்தில் பதியும். கையெழுத்திட மறுக்கப்பட்ட காசோலையும், தலைவரின் பார்வைக்கே வராத தீர்மானப் பதிவேடும் புகைப்படத்தில் பதிவதில்லை. தனி ஊராட்சித் தலைவர் பதவி எந்தச் சட்டத்தால் உருவானது, எந்த வழிகளில் முடக்கப்படுகிறது, அதை எதிர்கொள்ள எவ்வகைச் சட்டக் கருவிகள் உள்ளன என்பதைக் களப்பணியாளர்களும் மாணவர்களும் ஓரிடத்தில் காணும்படி இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

பதவி எங்கிருந்து வந்தது

பட்டியல் சாதியினரின் அரசியல் பிரதிநிதித்துவக் கோரிக்கை உள்ளாட்சிக்கு முன்னரே சட்டமன்றங்களில் தொடங்கியது. சென்னை மாகாண சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உறுப்பினர்களாக இருந்து குரல் கொடுத்தனர். பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்னும் தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைய முடியாத ஊர்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தன என்பதை இத்தீர்மானத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1932இல் பிரிட்டிஷ் அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை வழங்கியது. காந்தியின் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனா ஒப்பந்தம், அந்தத் தனி வாக்குரிமைக்குப் பதிலாகப் பொது வாக்காளர் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்களை வைத்தது. மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. இடங்கள் கூடின, ஆனால் அவ்விடங்களில் வெல்பவரைத் தீர்மானிக்கும் வாக்கு பெரும்பான்மையாகப் பிற சாதியினரிடம் இருந்தது. இன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44, 39 மக்களவைத் தொகுதிகளில் 7 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். அவற்றில் இயங்குவதும் இதே பொது வாக்கு முறைதான்.

கிராம ஊராட்சியைப் பற்றி அம்பேத்கர் கொண்டிருந்த ஐயம் அனைவரும் அறிந்ததே. கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்ற வாதத்தை 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அவர் கடுமையாக மறுத்தார். சாதி ஆதிக்கம் குடியிருக்கும் இடத்துக்கே அதிகாரத்தையும் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்பதே அவருடைய கவலை. பின்னர் ஊராட்சிகள் 40ஆம் பிரிவாக, அரசுக்கான வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றன.

73ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கவலைக்கு ஒரு விடை தர முயன்றது. 243டி பிரிவு, உறுப்பினர் இடங்களுடன் தலைவர் பதவிகளையும் மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்குகிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்குகிறது. இதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. பெண்களுக்கான பங்கு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. தலைவர் பதவிகளுக்கான ஒதுக்கீடு செல்லும் என்பதை 2010இல் கே. கிருஷ்ணமூர்த்தி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு உறுதிசெய்தது. ஆகவே இப்பதவி யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததன்று. அரசமைப்பின் நேரடிக் கட்டளையால் வந்தது.

மேலவளவு: முதல் தேர்தலிலேயே

புதிய சட்டத்தின் கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996இல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டனர்; தலித் வீடுகள் எரிக்கப்பட்டன; அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல் நின்றுபோனது. டிசம்பரில் நடந்த வாக்குப்பதிவும் வன்முறையால் தடைபட்டது. டிசம்பர் 31 அன்று காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த மறுவாக்குப்பதிவில் முருகேசன் வென்றார்.

வென்றவரால் ஊராட்சி அலுவலகத்தில் அமர்ந்து பணிசெய்ய முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது முருகேசனும் அவருடன் இருந்த ஐவரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் சேலம் அமர்வு நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றமும் பின்னர் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. ஆயினும் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இலும், 13 பேர் 2019 நவம்பரிலும் தலைவர்களின் நூற்றாண்டு விழாக்களையொட்டி அரசால் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில் இவ்விரு விடுதலைகளும் நடந்தன என்பதை நாம் குறித்துவைக்க வேண்டும்.

பாப்பாபட்டி முதல் கொட்டகச்சியேந்தல் வரை

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தடுப்பு வேறு வடிவம் எடுத்தது. 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் அங்கே தலைவர் பதவி செயல்படவில்லை. ஒன்று, எவரும் வேட்புமனு தாக்கல் செய்ய விடப்படவில்லை. அல்லது, ஆதிக்கச் சாதியினரே ஒருவரை நிறுத்தி வெல்லவைத்து, பதவியேற்றவுடன் பதவி விலகச் செய்தனர். தேர்தல் அறிவிப்பு, வேட்புமனு, வெற்றிச் சான்றிதழ், பதவிப் பிரமாணம் அனைத்தும் விதிப்படி நடக்கும். தலைவர் மட்டும் இருக்கமாட்டார்.

2006 அக்டோபரில்தான் இந்நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தனர். தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் தொடர்ந்து நடத்திய போராட்டம், ஆட்சியாளர்களின் அரசியல் முடிவு, அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊர் ஊராக நடத்திய பேச்சுவார்த்தை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. பத்தாண்டுகள் இயலாது என்று சொல்லப்பட்டது, நிர்வாகம் முனைந்தபோது சில மாதங்களில் இயன்றது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டி கிராமசபையில் கலந்துகொண்டார்.

ஒதுக்கீடு நிலையானதன்று, சுழற்சியில் மாறுவது. இந்தச் சுழற்சியே பதவியை முடக்குபவர்களுக்குக் காத்திருக்கும் துணிவைத் தருகிறது. ஒரு தலைவரைச் செயல்படவிடாமல் ஐந்தாண்டோ பத்தாண்டோ கடத்திவிட்டால் பதவி பொதுவாகிவிடும் என்னும் கணக்கு பல ஊர்களில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. மேற்கண்ட நான்கு ஊராட்சிகளும் 2006இலும் தனி ஊராட்சிகளாகத் தொடர்ந்ததால்தான் அக்கணக்கு அங்கே பலிக்கவில்லை.

வென்ற பிறகு எப்படி முடக்குகிறார்கள்

கொலையும் தேர்தல் தடுப்பும் செய்தியாகின்றன. அன்றாட முடக்கம் ஆவணங்களுக்குள் நடக்கிறது. அது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள ஊராட்சியின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, துணைத்தலைவர். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவர் பதவிக்கு உள்ள ஒதுக்கீடு துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. ஆகவே தலித் தலைவரைக் கொண்ட பல ஊராட்சிகளில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர் துணைத்தலைவராகிறார். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரின் கையொப்பமும் தேவை. துணைத்தலைவர் கையொப்பமிட மறுத்தால் குடிநீர் மோட்டார் பழுதுபார்ப்பும் தெருவிளக்கும் தூய்மைப் பணியாளர் ஊதியமும் நின்றுவிடும். ஊர் மக்கள் திட்டுவது தலைவரைத்தான்.

இரண்டாவது, ஊராட்சிச் செயலர். தீர்மானப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு, ரசீதுப் புத்தகம், அலுவலகச் சாவி ஆகியவை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். செயலர் ஒத்துழைக்காவிட்டால் தலைவருக்குக் கூட்டப்பொருளும் தெரியாது, கணக்கும் தெரியாது. எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. பின்னாளில் முறைகேடு என்று குற்றஞ்சாட்டப்படும்போது அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பேற்கவேண்டியவர் தலைவர்.

மூன்றாவது, பதவி நீக்கம். ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்குத் தலைவரை நீக்கும் அதிகாரம் தருகிறது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் மனுவின் மீதும் அந்நடவடிக்கை தொடங்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்பதும், வட்டாட்சியர் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பெறுவதும் அதன் படிகள். முறைகேட்டைத் தடுக்க இப்பிரிவு தேவையே. ஆனால் உறுப்பினர் பெரும்பான்மை சாதி அடிப்படையில் அணிதிரளும் ஊரில், ஆட்சியர் புகாரின் பின்னணியை விசாரிக்கத் தவறினால் இது நீக்கும் ஆயுதமாகிவிடும். அவசரகால அதிகாரமான 203ஆம் பிரிவைப் பயன்படுத்தி நிதி அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றுவதும் அத்தகையதே. துணைத்தலைவரின் மறுப்பால் முடங்கிய ஊராட்சியில் தலைவரும் சேர்ந்து அதிகாரத்தை இழக்கிறார். தடுத்தவருக்கு இழப்பேதும் இல்லை.

நான்காவது, பினாமி. ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் வேலை செய்பவரையோ அவர்களிடம் கடன்பட்டவரையோ நிறுத்தி வெல்லவைப்பது பரவலான உத்தி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெண் என்றால், சாதி ஆதிக்கத்துடன் கணவர், உறவினர் தலையீடும் சேர்ந்துகொள்ளும். இத்தலைவர்களை 'பொம்மைகள்' என்று எள்ளி நகையாடுவது எளிது. கூலியும் கடனும் குடியிருப்புப் பாதையும் பிறர் கையில் இருக்கும் ஒருவருக்குக் கையெழுத்திட மறுக்கும் சுதந்திரம் எங்கிருந்து வரும் என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும்.

இத்தனையையும் மீறிச் செயல்படுபவர்கள் கொடுக்கும் விலை பெரிது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சியின் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். தமக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி அவர் ஏற்கெனவே புகார் அளித்திருந்தார்.

கட்சிகள் எங்கே நிற்கின்றன

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடக்கின்றன. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. ஊர் ஒற்றுமைக்காக என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. நடைமுறை விளைவு வேறு. தலித் தலைவர் முடக்கப்படும்போது, அவர் எங்கள் வேட்பாளர் என்று உரிமையோடு நிற்கவேண்டிய கட்டாயம் எந்தக் கட்சிக்கும் இல்லை. முடக்கும் துணைத்தலைவர் எங்கள் கட்சிக்காரர் என்று ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை. இருவரும் ஒரே கட்சியின் கிளையில் இருக்கும் ஊர்களும் உண்டு. அங்கே கட்சி சமரசம் என்ற பெயரில் பெரும்பான்மை வாக்கின் பக்கம் சாய்கிறது.

தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களின் மௌனத்துக்கும் இதுவே வேர். கட்சி தரும் வாய்ப்பும், பிற சாதியினர் அளிக்கும் வாக்கும் அவர்களுடைய இருப்பைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கட்டுக்குள்ளிருந்தும் குரல் எழுப்பியவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். ஆயினும் தனிமனிதத் துணிவை நம்பியே ஒரு பிரதிநிதித்துவ முறை இயங்குமானால் குறை அம்முறையில்தான் உள்ளது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் நிறைவேற்றப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்தச் சிக்கலை நேரடியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. களப்பணியில் நாம் காணும் பல புகார்மனுக்களில் இப்பிரிவுகள் குறிப்பிடப்படுவதில்லை என்பதால் இங்கே தனித்தனியே தருகிறோம்.

பிரிவு 3(1)(எல்): பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வாக்களிக்க விடாமலும், வேட்புமனு தாக்கல் செய்ய விடாமலும் தடுப்பது, மனுவைத் திரும்பப் பெறச் செய்வது, அவர்களில் ஒருவரின் மனுவை முன்மொழிய, வழிமொழிய விடாமல் தடுப்பது ஆகியவை குற்றம்.

பிரிவு 3(1)(எம்): ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராக, தலைவராக அல்லது வேறு பொறுப்பில் இருக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தம் வழக்கமான கடமைகளைச் செய்ய விடாமல் கட்டாயப்படுத்துவது, மிரட்டுவது, தடுப்பது ஆகியவை குற்றம்.

இக்குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு.

பிரிவு 4: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இச்சட்டப்படியான தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை.

பிரிவு 15ஏ: பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும், வழக்கின் நிலையை அறியும் உரிமையும் தருகிறது.

பிரிவுகள் 18, 18ஏ: முன்பிணையைத் தடைசெய்கின்றன, முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் தொடக்க விசாரணை தேவையில்லை என்று தெளிவாக்குகின்றன.

சட்டத்தின் விதிகளின்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூடவேண்டும். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் கள ஆய்வு, கொடியேற்றமும் நாற்காலியும் பெயர்ப்பலகையும் மறுக்கப்பட்ட ஊராட்சிகளை வெளிக்கொணர்ந்த காலம் அது. அக்கடிதம் வரவேற்கத்தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கொடியேற்ற அரசாணைபோல் ஒரு கடிதம் தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்கிறது.

களத்தில் செய்யவேண்டியவை

தேர்தலுக்கு முன்: ஒதுக்கீட்டு அறிவிக்கை வெளியானதும் தனி ஊராட்சிகளின் பட்டியலைத் தொகுத்து, முன்பு தடுப்பு நடந்த ஊர்களைக் குறித்து, வேட்புமனு நாட்களில் பாதுகாப்புக் கோரி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனு அளிக்க வேண்டும். தலைவர் பதவிக்கு மட்டுமன்றி வார்டு உறுப்பினர் இடங்களுக்கும் வேட்பாளர்களை ஆயத்தப்படுத்த வேண்டும். துணைத்தலைவர் தேர்வும், 205ஆம் பிரிவின் எண்ணிக்கையும் வார்டுகளில்தான் முடிவாகின்றன.

பதவியேற்றவுடன்: சொத்துப் பதிவேடு, வங்கிக் கணக்கு, தீர்மானப் பதிவேடு, சாவி ஆகியவற்றின் ஒப்படைப்பை எழுத்தில் பெற வேண்டும். ஒப்படைக்காவிட்டால் அந்த வாரமே வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் அனுப்பி ஒப்புகை வாங்க வேண்டும். எழுதாத பதிவேட்டில் கையெழுத்து இடக்கூடாது. இதை ஒவ்வொரு தலைவரிடமும், குறிப்பாக முதல்முறை வென்ற பெண்களிடம், பொறுமையாக விளக்குவது மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய பணி.

தடுப்பு நடக்கும்போது: நாள், நேரம், இடம், உடனிருந்தவர், பேசிய சொல் ஆகியவற்றுடன் புகார் எழுதி 3(1)(எம்) பிரிவைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். காசோலை மறுப்புக்கும் மறுக்கப்பட்ட தேதி, தொகை, பணி ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். பின்னாளில் 205ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்கப்பட்டால் இந்த ஆவணங்களே தலைவரின் முதல் காப்பு.

கிராமசபையில்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. தலைவரே தலைமை தாங்குகிறாரா, வரவு செலவு படிக்கப்படுகிறதா, சேரி மக்கள் அச்சமின்றிப் பங்கேற்கிறார்களா என்பதை அமைப்புகள் நேரில் கண்டு பதிவுசெய்யலாம்.

கோரிக்கைகள்

துணைத்தலைவர் பதவியின் கூட்டுக் கையொப்ப அதிகாரம் தடுப்பு ஆயுதமாகாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும். காரணமின்றிக் கையொப்பம் மறுக்கும் துணைத்தலைவரின் அதிகாரமே மாற்றப்பட வேண்டும், தலைவருடையது அன்று. பதவி முடக்கப்பட்ட ஊராட்சிகளில் அக்காலத்தைச் சுழற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தலித் தலைவர் மீதான 205ஆம் பிரிவு நடவடிக்கைகளை மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளில் 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தேர்ந்தெடுக்கப்பட்டோர் எவரும் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது. ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்னும் 243இ பிரிவு மீறப்படும் ஒவ்வொரு மாதமும் இழப்பு அனைவருக்கும்தான். எனினும் பொது ஊராட்சியில் ஆதிக்கச் சாதியினரின் செல்வாக்கு, தேர்தல் இல்லாவிட்டாலும் நிலத்திலும் அலுவலகத்திலும் நீடிக்கிறது. தனி ஊராட்சியின் தலித்துக்கு இருந்தது அந்தப் பதவி ஒன்றே. அதனால்தான் தேர்தல் தேதியைக் கேட்பதும், தேர்தல் முடிந்த மறுநாள் அந்த நாற்காலியில் யார் அமர்கிறார்கள் என்று சென்று பார்ப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்கிறோம்.